சதுர அடிக்கு 14 ரூபாய்: பெயின்டிங் கூலியின் உள்கணக்கு

தமிழ்நாட்டில் பெயின்டிங் வேலைக்கு விலை பேசுவது சதுர அடியில்; கூலி கொடுப்பது நாள் கணக்கில். வீட்டுக்காரரிடம் மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்கிறார். சனிக்கிழமை மாலை அதே மேஸ்திரி தன் ஆட்களுக்கு எத்தனை நாள் வேலை என்று எண்ணிப் பணம் கொடுக்கிறார். இந்த இரண்டு அலகுகளையும் இணைப்பது, ஓர் ஆள் ஒரு நாளில் எத்தனை சதுர அடி முடிக்கிறார் என்ற எண். விலை பேசும்போது அந்த எண்ணை இருவருமே பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இக்கட்டுரையின் வேலை அதை வெளியே எடுத்து வைப்பது. பெயின்டர் நாள்கூலி 1,000 ரூபாய், ஹெல்பர் நாள்கூலி 700 ரூபாய், வேலை நேரம் 8 மணி என்று கொள்ளப்பட்டுள்ளது. கீழே வரும் வேலை வேகமும் பொருள் விலையும் இதேபோல் கணக்குக்காக எடுத்துக்கொண்டவையே. வாசகர் தம் ஊர் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். வரி, சட்டம், அளவை விதி, ரிசர்வ் வங்கியின் கூலி விவரம் போன்றவை மட்டும் உண்மையான எண்கள்.

முதலில் பரப்பு. 750 சதுர அடி கட்டுமானப் பரப்பில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹால் 16 அடிக்கு 12 அடி, படுக்கையறைகள் 12க்கு 11, 11க்கு 10, சமையலறை 10க்கு 8, நடை 8க்கு 4, கழிப்பறைகள் இரண்டும் 7க்கு 5. உள்தளப் பரப்பு 616 சதுர அடி. எல்லா அறைகளின் சுற்றளவையும் கூட்டினால் 252 அடி. உயரம் 10 அடி என்றால் சுவர் 2,520 சதுர அடி. சமையலறையிலும் கழிப்பறைகளிலும் டைல்ஸ் ஒட்டிய 372 சதுர அடியைக் கழித்தால் 2,148. சீலிங் 616ஐச் சேர்த்தால் 2,764. கதவு, ஜன்னல், கதவில்லாத திறப்புகள் 323.5 சதுர அடி. அதையும் முழுவதும் கழித்தால் பெயின்ட் ஏறும் நிகரப் பரப்பு 2,440.5 சதுர அடி.

இந்த 2,440.5ஐ 616ஆல் வகுத்தால் 3.96, 750ஆல் வகுத்தால் 3.25. டேப் பிடிக்காமல் மூன்றரை மடங்கு என்று போடும் வழக்கம் பரவலாக உண்டு. எதன் மூன்றரை மடங்கு என்பதில்தான் சிக்கல். கட்டுமானப் பரப்பைப் பெருக்கினால் 2,625 சதுர அடி வரும்; உண்மையைவிட 7.6 சதவீதம் அதிகம். உள்தளப் பரப்பைப் பெருக்கினால் 2,156, உண்மையைவிட 11.7 சதவீதம் குறைவு. அதே வீடு, அதே மடங்கு, நடுவில் 469 சதுர அடி வித்தியாசம். உயரமும் இந்த மடங்கில் இடம்பெறுவதில்லை. சீலிங் 10 அடிக்குப் பதில் 9 அடியில் இருந்தால் 252 சதுர அடி குறையும்; அது நிகரப் பரப்பில் 10.3 சதவீதம். டேப் பிடித்து அளக்க இருவருக்கு அரை மணி நேரம் போதும்.

அடுத்த தகராறு திறப்புகளில் வருகிறது. கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1200 இதற்கு ஒரு நடுவழி சொல்கிறது. 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது. 0.5க்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரு முகத்திலும் ஒரே வேலை என்றால் ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு. ஆனால் திறப்பின் உள்பக்கவாட்டைத் தனியாக அளந்து சேர்க்கக் கூடாது. நம் வீட்டில் 7க்கு 3 அடி அளவில் படுக்கையறைக் கதவு இரண்டு, கதவில்லாத திறப்பு இரண்டு. ஒவ்வொன்றும் 21 சதுர அடி, அதாவது 1.95 சதுர மீட்டர். நான்குக்கும் ஒரு முகக் கழிவை விட்டுக்கொடுத்தால் 84 சதுர அடி கூடி, பரப்பு 2,524.5 ஆகிறது, 3.4 சதவீத ஏற்றம். கழிவே இல்லாமல் அளந்தால் ஏற்றம் 13.3 சதவீதம். சதுர அடிக்கு 14.39 ரூபாய் என்றால் (இந்த எண் எப்படி வருகிறது என்பது கீழே) முதலாவது 1,209 ரூபாய், இரண்டாவது 4,655 ரூபாய். விட்டுக்கொடுக்கும் 84 சதுர அடிக்கு நியாயம் உண்டா என்றால், ஓரளவு உண்டு. ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு திறப்பின் உள்பக்கவாடு மட்டும் 12.75 சதுர அடி. நாலரை அங்குலச் சுவரில் 6.4. மீதி, விளிம்பு ஒவ்வொன்றையும் நேராக எடுக்கும் நேரத்துக்கான ஈடு என்று கொள்ளலாம். 4,655 ரூபாய்க்கு அப்படி ஒரு நியாயம் தெரியவில்லை.

இனி ஆள்நாள். புது வீடு, சிமென்ட் பூச்சு காய்ந்த சுவர் என்று கொள்வோம். பட்டி முதல் கோட் ஒரு பெயின்டர் நாளுக்கு 300 சதுர அடி, இரண்டாம் கோட் 400, பிரைமர் ரோலரில் 900, எமல்ஷன் ஒவ்வொரு கோட்டும் 700. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது ஹெல்பர் வேலை, நாளுக்கு 500 சதுர அடி. பட்டி கலக்கிக் கொடுக்க இரண்டு பெயின்டருக்கு ஒரு ஹெல்பர். தரையை மூடுவது, மாஸ்கிங் டேப் ஒட்டுவது, கடைசியில் சுத்தம் செய்வது எல்லாம் சேர்த்து 4 ஹெல்பர் நாள். 2,440 சதுர அடிக்கு முதல் கோட் பட்டி 8.13 நாள், இரண்டாம் கோட் 6.10, பிரைமர் 2.71, இரண்டு கோட் எமல்ஷன் 6.97. மொத்தம் 23.91 பெயின்டர் நாள். ஹெல்பர் பக்கம் 7.12, 4.88, 4 சேர்ந்து 16 நாள். பெயின்டர் கூலி 23,910 ரூபாய், ஹெல்பர் கூலி 11,200 ரூபாய், ஆக 35,110 ரூபாய். சதுர அடிக்கு 14.39 ரூபாய். அரசு விலைப்பட்டியல்கள் சதுர மீட்டரில் இருப்பதால் அவற்றோடு ஒப்பிட விரும்புவோர் 10.764ஆல் பெருக்க வேண்டும்: சதுர மீட்டருக்கு 154.89 ரூபாய்.

இந்த 35,110 ரூபாயில் நிறம் பூசுவதற்கான கூலி 6,970 ரூபாய் மட்டுமே; 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பட்டியும் தேய்ப்பும் சேர்ந்து 22,630 ரூபாய், அதாவது 64.5 சதவீதம். பிரைமர் 7.7 சதவீதம், மூடலும் சுத்தமும் 8 சதவீதம். வீட்டுக்காரர் கலர் கார்டைப் புரட்டித் தேர்ந்தெடுக்கும் பகுதி கூலியில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மூன்றில் இரண்டு பங்கு, கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஒரு வெள்ளை அடுக்குக்குள் போய்விடுகிறது.

அந்த அடுக்குக்கு ஏன் இவ்வளவு நேரம் என்பதைச் சுவர் அருகே நின்று பார்த்தால் தெரியும். பட்டித் தகட்டை முதல் கோட்டுக்கு ஒரு திசையிலும் இரண்டாவதற்குக் குறுக்குத் திசையிலும் இழுக்கிறார்கள். தகட்டின் விளிம்பு விட்டுச்சென்ற கோடுகள் காய்ந்த பிறகு மெல்லிய வரப்புகளாக நிற்கும். பகல் வெளிச்சத்தில் அவை தெரியாது. ஹோல்டரில் மாட்டிய பல்பைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு வரப்பின் நிழலும் நீண்டு விழும். ஹெல்பர் ஒரு கையில் அந்த விளக்கும் மறு கையில் கட்டையில் சுற்றிய உப்புத்தாளுமாக, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, நிழல் மறையும்வரை தேய்க்கிறார். நாளுக்கு 500 சதுர அடி என்பது 8 மணி நேரத்தில் மணிக்கு 62.5 சதுர அடி. 8 அடிக்கு 8 அடிச் சுவர் ஒன்றுகூட ஒரு மணியில் முடியாத வேகம் அது. அதற்குக் கிடைக்கும் கூலி சதுர அடிக்கு 1.40 ரூபாய்.

இப்போது இதே வேலைக்கு ஒருவர் சதுர அடிக்கு 10 ரூபாய் கூலி என்று வந்து நிற்கிறார் என்று கொள்வோம். 2,440 சதுர அடிக்கு 24,400 ரூபாய்; தேவையைவிட 10,710 ரூபாய், அதாவது 30.5 சதவீதம் குறைவு. ஆட்களின் கூலியை அவர் 30 சதவீதம் குறைக்க முடியாது. குறைத்தால் மறுநாள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். வேலையில்தான் கை வைக்க வேண்டும். இரண்டாம் கோட் பட்டியை விட்டால் பெயின்டர் கூலி 6,100, ஹெல்பர் கூலி 2,135, ஆக 8,235 ரூபாய் மிச்சம். தேய்ப்பைப் பாதியாக்கினால் இன்னும் 1,708. இரண்டும் சேர்ந்து 9,943 ரூபாய். அப்போதும் செலவு 25,167. பேசிய தொகைக்கு மேல் 767 ரூபாய் நிற்கிறது. மேஸ்திரியின் லாபம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. ஆட்களின் வேகம் இங்கே கொண்டதைவிட அதிகமாக இருந்தால் இந்த இடைவெளி சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் 10 ரூபாயில் முழு வேலையும் முடிய, எல்லாப் படிகளிலும் வேகம் 44 சதவீதம் கூட வேண்டும். மலிவான விலைப்புள்ளியைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது எத்தனை கோட் பட்டி என்பதுதான்.

பழைய வீட்டுக்கு மறுபூச்சு என்றால் எண்கள் மாறுகின்றன. சுவர் நல்ல நிலையில் இருந்து, 15 சதவீதப் பரப்பில் மட்டும் விரிசலுக்கும் ஆணித் துளைக்கும் பட்டி வைத்தால் போதும் என்று கொள்வோம். 366 சதுர அடிக்கு, துண்டு துண்டான வேலை என்பதால் நாளுக்கு 150 வீதம், 2.44 பெயின்டர் நாள். அந்த இடங்களுக்குப் பிரைமர் அரை நாள். எமல்ஷன் அதே 6.97. மொத்தம் 9.91 பெயின்டர் நாள். லேசாகத் தேய்க்க 3.05 ஹெல்பர் நாள். சாமான் நகர்த்த, மூட, துடைக்க 5 நாள். காலி வீட்டைவிட இங்கே ஒரு நாள் கூடுதல். கட்டிலையும் பீரோவையும் நகர்த்துவதற்கு யாரும் தனியாக ரேட் பேசுவதில்லை. ஆக 15,545 ரூபாய், சதுர அடிக்கு 6.37. புது வீட்டுக் கூலியில் இது 44.3 சதவீதம்.

இந்த 6.37 ரூபாய் ஓதம் இல்லாத சுவருக்கு மட்டுமே. பத்தில் ஒரு பங்கு, 244 சதுர அடி, உப்புப் பூத்து உரிந்திருந்தால் நிலைமை வேறு. சுரண்டி எடுக்க ஒரு ஹெல்பருக்கு நாளுக்கு 60 சதுர அடி என்றால் 4.07 நாள், 2,849 ரூபாய். அந்த இடத்துக்குப் புதிதாக இரண்டு கோட் பட்டி வைக்க 1.42 பெயின்டர் நாள், 1,420 ரூபாய். கூடுதல் 4,269 ரூபாய். பரப்பில் 10 சதவீதம் கெட்டிருக்க, கூலி 27.5 சதவீதம் ஏறுகிறது. கெட்ட சுவரின் ஒவ்வொரு சதுர அடியும் 17.50 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறது. புதுச் சுவரின் முழுக் கூலியைவிட அது அதிகம். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அடைக்கும் செலவு இதில் இல்லை. அதை அடைக்காவிட்டால் இந்த 4,269 ரூபாயை அடுத்தடுத்த மழைக்காலத்துக்குப் பிறகும் திரும்பக் கொடுக்க நேரிடலாம்.

கதவு, ஜன்னல், கிரில் ஆகியவை பேச்சில் விட்டுப்போகும் பகுதி. இங்கும் ஐஎஸ் 1200 பெருக்கெண்கள் தருகிறது: பலகை அழுத்திய கதவுக்கு ஒவ்வொரு பக்கமும் 1.3, சமதளக் கதவுக்கு 1.2, முழுக் கண்ணாடிக்கு 0.8, மடக்குக் கம்பிக் கதவுக்கு 1.5, உருட்டு ஷட்டருக்கு 1.1. நம் வீட்டின் வாசல் கதவு 24.5 சதுர அடி. இரு பக்கமும் 1.3ஆல் பெருக்க 63.7. உள்கதவுகள் நான்கும் சமதளக் கதவு என்றால் 184.8. ஜன்னல் ஆறு, ஒவ்வொன்றும் 16 சதுர அடி, 0.8 வீதம் இரு பக்கம் 153.6. கிரில் ஆறு, முழுவதும் பூச ஒரு மடங்கு, 96. மொத்தம் 498 சதுர அடி. திறப்பின் வெறும் அளவைக் கூட்டினால் 197.5தான் வரும், அளவை விதிப்படி அது இரண்டரை மடங்காகிறது. பிரைமர் ஒன்று, எனாமல் இரண்டு, மூன்று கோட்டும் நாளுக்கு 150 சதுர அடி வேகத்தில் 9.96 பெயின்டர் நாள். சுவர்ப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள இந்த வேலைக்குச் சுவர்க் கூலியில் 28 சதவீதம், சுமார் 9,960 ரூபாய், ஆகிறது. கிரில் கம்பியின் பின்பக்கம் பிரஷ் நுழைக்கும் வேலைக்கு ரோலர் உதவாது.

வெளிச்சுவருக்குச் சாரம். 40 அடி அகலம், 30 அடி உயரச் சுவர் ஒன்று 1,200 சதுர அடி. சாரம் கட்ட இருவர் ஒரு நாள், பிரிக்க இருவர் அரை நாள், மூன்று ஹெல்பர் நாள், 2,100 ரூபாய். சதுர அடிக்கு 1.75. கம்பும் கயிறும் வாடகை தனி.

பொருளையும் சேர்த்தால் கூலியின் எடை தெரியும். இரண்டு கோட் எமல்ஷனுக்கு லிட்டருக்கு 65 சதுர அடி என்றால் 37.5 லிட்டர், 20 லிட்டர் வாளி இரண்டு. லிட்டர் 200 ரூபாய் என்றால் 8,000. 500 ரூபாய் ரகம் என்றால் 20,000. பட்டி கிலோவுக்கு 15 சதுர அடி வீதம் 163 கிலோ. 40 கிலோ மூட்டை நான்கு வாங்கினால் 3 கிலோ பற்றாது. ஐந்தாவது மூட்டையும் போட்டு, மூட்டை 900 ரூபாய் வீதம், 4,500. பிரைமர் 24 லிட்டர், லிட்டர் 120 வீதம், 2,880. உப்புத்தாள், டேப், பிரஷ், ரோலர் 2,000. மலிவு ரகத்தில் பொருள் 17,380, மொத்தச் செலவு 52,490 ரூபாய், கூலியின் பங்கு 66.9 சதவீதம். விலை கூடிய ரகத்தில் மொத்தம் 64,490, கூலி 54.4 சதவீதம். பெயின்ட் விலை இரண்டரை மடங்கானாலும் மொத்தம் ஏறுவது 22.9 சதவீதம்தான்.

இதையே விலையேற்றமாகப் போட்டுப் பார்க்கலாம். மலிவு ரகத்தில் எமல்ஷன் விலை 10 சதவீதம் ஏறினால் மொத்தச் செலவு 1.5 சதவீதம் ஏறும். கூலி 10 சதவீதம் ஏறினால் 6.7 சதவீதம். 2018 ஜூலை 27 முதல் பெயின்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அடிப்படை விலை மாறாமல் குறைப்பு முழுவதும் வாங்குபவருக்குப் போய்ச் சேர்ந்தால் விலை 7.8 சதவீதம் இறங்க வேண்டும். நம் வீட்டின் எமல்ஷனும் பிரைமரும் சேர்ந்த 10,880 ரூபாயில் அது 850 ரூபாய், மொத்தத்தில் 1.6 சதவீதம். அதே 850 ரூபாயைக் கூலிப் பக்கம் வைத்தால் ஒரு பெயின்டரின் ஒரு நாள்கூட நிறையாது.

கூலியே ஊருக்கு ஊர் எப்படி நிற்கிறது என்பதற்கு ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேடு ஓர் அளவுகோல் தருகிறது. ஊரகக் கட்டுமானத் தொழிலாளரின் சராசரி நாள்கூலி 2022-23இல் கேரளத்தில் 852.50 ரூபாய், தமிழ்நாட்டில் 500.90, மத்தியப் பிரதேசத்தில் 278.70, நாட்டுச் சராசரி 393.30. முந்தைய ஆண்டு இவை முறையே 837.70, 478.60, 266.70, 373.30. ஓராண்டு ஏற்றம் கேரளத்தில் 1.8 சதவீதம், தமிழ்நாட்டில் 4.7, மத்தியப் பிரதேசத்தில் 4.5, நாடு முழுவதற்கும் 5.4. கேரளக் கூலி தமிழ்நாட்டைப் போல் 1.70 மடங்கு, தமிழ்நாட்டுக் கூலி மத்தியப் பிரதேசத்தைப் போல் 1.80 மடங்கு. இவை பெயின்டருக்கு மட்டுமான எண்கள் அல்ல. நகரக் கூலியும் அல்ல. ஆனால் விகிதத்தைப் பயன்படுத்தலாம். வேலை வேகம் சமம் என்றால், இங்கே 14.39 ரூபாய்க்கு முடியும் சுவர் கேரளத்தில் 24.49 ரூபாய் கேட்கும். வாளியின் விலை எல்லை தாண்டினால் அந்த அளவுக்கு மாறுவதில்லை. ஆகவே பாலக்காட்டில் பேசிய ரேட்டைப் பொள்ளாச்சியில் எடுத்துக்காட்டுவதில் பயன் இல்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே பேருந்தில் போய்வரக்கூடிய தூரம்தான் என்றாலும்.

வணிகக் கட்டடத்தில் முதலில் மாறுவது வடிவம். நம் வீட்டின் 616 சதுர அடித் தளத்தையே அறைகள் இல்லாமல் 28க்கு 22 அடி ஒற்றை ஹாலாக்கினால் சுற்றளவு 252 அடியிலிருந்து 100 அடியாகிறது. டைல்ஸ், திறப்பு எதையும் கழிக்காமல் சுவரும் சீலிங்கும் சேர்ந்து வீட்டில் 3,136 சதுர அடி, ஹாலில் 1,616; ஏறத்தாழப் பாதி. சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் பிரஷால் ஓரம் எடுக்க வேண்டிய நீளமும் கோட்டுக்கு 252 அடிக்குப் பதில் 100 அடி. 100 அடிக்கு 50 அடி அளவுள்ள 5,000 சதுர அடி அலுவலகம், உயரம் 12 அடி, ஒரு நீளப் பக்கம் முழுவதும் கண்ணாடி என்று கொண்டால் சுவர் 2,400, சீலிங் 5,000, மொத்தம் 7,400 சதுர அடி. தளப் பரப்போடு விகிதம் 1.48; வீட்டில் 3.96. மறுபூச்சுக் கூலி அதே 6.37 ரூபாய் என்றால் 47,138 ரூபாய். தளத்தின் சதுர அடிக்கு 9.43. வீட்டில் அது 25.24. வணிக வேலை மலிவு என்ற பேச்சில் பெரும்பங்கு இந்த வடிவக் கணக்கே.

அந்த மலிவில் ஒரு பகுதி இரவில் கரைகிறது. அலுவலகம் மாலை ஆறு மணிக்கு மேல்தான் கிடைக்கும். தினமும் மேசைகளை மூடி, விடிவதற்குள் பிரித்து, தரையைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். 8 மணி நேரத்தில் பூச்சுக்கு 6 மணி நேரம் கிடைத்தால் ஆள்நாள் 33.3 சதவீதம் கூடும். இரவுக் கூலி கால் பங்கு அதிகம் என்றால் இரண்டும் பெருக்கலில் சேர்ந்து 66.7 சதவீதம். 47,138 ரூபாய் 78,563 ஆகிறது. சுவரின் சதுர அடிக்கு 10.62. மிகைநேரமும் இதே வகை. கட்டுமானத் தொழிலாளர் பற்றிய 1996ஆம் ஆண்டுச் சட்டம் மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. மணிக்கு 125 ரூபாய் வாங்கும் பெயின்டர் 2 மணி நேரம் கூடுதலாக நின்றால் அன்றைய கூலி 1,500 ரூபாய். கூலி 50 சதவீதம் ஏற, வேலை கூடுவது அதிகபட்சம் 25 சதவீதம். திறப்பு விழாத் தேதி அச்சான பிறகு பேசப்படும் ரேட்டில் இந்த 25 சதவீத வித்தியாசம் எங்காவது இருக்கும்.

காப்பீட்டிலும் ஓர் எண் கவனிக்கத்தக்கது. இஎஸ்ஐக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய். 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். மாதம் 26 நாள் வேலை என்றால் ஹெல்பருக்கு 18,200 ரூபாய். வரம்புக்குள் வருகிறார், ஒப்பந்தக்காரருக்கு நாளுக்கு 22.75 ரூபாய் செலவு. பெயின்டருக்கு 26,000 ரூபாய், வரம்புக்கு வெளியே. சாரத்தின் உச்சாணியில் நிற்பவர் அவர்தான். அவருக்கான விபத்துக் காப்பீடு தனிச் செலவாக விலைப்புள்ளியில் இருக்கிறதா என்று அலுவலகத்தின் கொள்முதல் பிரிவு கேட்கலாம். வீட்டுக்காரர்கள் கேட்பது அபூர்வம்.

இதுவரை வந்த 14.39 ரூபாய் முழுக்க ஆட்களின் கூலி. மேஸ்திரியின் வண்டிப் பெட்ரோல், ஏணி, ரோலர் தேய்மானம், வேலையில்லாத நாள், லாபம் எதுவும் அதில் இல்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வு மேல்செலவுக்கும் லாபத்துக்கும் சேர்த்து 15 சதவீதம் வைக்கிறது. அதையே இங்கு வைத்தால் 16.55 ரூபாய். ஜிஎஸ்டி பதிவுள்ளவர் 18 சதவீத வரியோடு பில் கொடுத்தால் 19.53. சேவைக்கான பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். நான்கு பெயின்டர் வைத்து, வீட்டுக்கு ஆறு நாள் வீதம் 300 நாளில் 50 வீடு முடிக்கும் மேஸ்திரியின் கூலி வரவு 17.56 லட்சம். 15 சதவீதம் சேர்த்தால் 20.19 லட்சம், வரம்பைச் சற்றே தாண்டுகிறது. நான்கு பேருக்கு மேல் குழு பெரிதாகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதுவே காரணம் என்று சொல்ல இந்த எண்கள் போதா.

கடைசியாகப் பணம் கொடுக்கும் வரிசை. 30 சதவீதம் முன்பணம், கலர் முதல் கோட் ஏறியதும் 40, முடிந்ததும் 30 என்று பேசிக்கொண்டால் முன்பணம் 10,533 ரூபாய். பட்டி, தேய்ப்பு, பிரைமர் முடியும்போது கொடுத்தாக வேண்டிய கூலி 25,340 ரூபாய், மொத்தத்தில் 72.2 சதவீதம். சுவர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கும். நடுவில் உள்ள 14,807 ரூபாயை மேஸ்திரி கைக்காசாகவோ வட்டிக்கோ புரட்டுகிறார். மாதம் 3 சதவீத வட்டியில் இரண்டு வாரத்துக்கு அது சுமார் 220 ரூபாய்தான். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று வீடு எடுத்தவருக்குப் புரட்ட வேண்டிய தொகை 44,421 ரூபாய். ஆட்கள் ஒரு வீட்டில் பாதியில் நின்று அடுத்த வீட்டுக்குப் போவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். 25 சதவீதம் முன்பணம், முதல் கோட் பட்டிக்குப் பின் 25, தேய்த்து முடித்துப் பல்பு பிடித்துப் பார்த்தபின் 25, எமல்ஷன் முதல் கோட்டுக்குப் பின் 15, டச்சப் முடிந்ததும் 10 என்று பிரித்தால், பிரைமர் முடியும்போது 75 சதவீதம், 26,333 ரூபாய், கைமாறியிருக்கும். செலவான 25,340க்கும் அதற்கும் இடையே 993 ரூபாய் மட்டுமே வித்தியாசம்.